மார்கழியில் சென்னை: ஆறாம் நாள், அப்பாவின் திருவல்லிக்கேணி

டிசம்பர் 28, ஞாயிறு

இன்றோடு பயணம் முடிகிறது. இரவு பொதிகையில் ஏறினால் காலையில் தென்காசி. இதில் பாதியை எழும்பூர் நடைமேடையில் உட்கார்ந்து எழுதினேன், மீதியை ரயிலில் எழுதுகிறேன்.

முதல் ஐந்து நாளும் என் இஷ்டப்படிதான் போயின. அருங்காட்சியகம், கோட்டை, சபாவில் இரண்டு கச்சேரி, பள்ளிக்கரணையில் பூநாரை என்று நான் போட்ட பட்டியலுக்கு அப்பா ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் கூடவே வந்தார். நேற்று ராத்திரி சாப்பிடும்போதுதான், "நாளைக்கு ஒருநா திருவல்லிக்கேணி போவமா?" என்று கேட்டார். அனுமதி கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு மனசுக்குள் என்னவோ செய்தது. இந்த ஊருக்கு வர வேண்டும் என்று அப்பா சம்மதித்ததே அதற்காகத்தான் என்பது ஐந்து நாளாக எனக்கு உறைக்கவில்லை.

அப்பா 1977லிருந்து 1981 வரை சென்னையில் இருந்தவர். மவுண்ட் ரோட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. தங்கியது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில். மூன்றாவது மாடி, முப்பத்திநாலாம் நம்பர் அறை. ஓர் அறைக்கு மூன்று பேர்: அப்பா, நாகர்கோவில்காரர் ஒருவர், கோவில்பட்டிக்காரர் ஒருவர். கோவில்பட்டி மாமா போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. நாகர்கோவில் மாமாவோடு அப்பா இன்னும் வாரம் ஒருமுறை பேசுவார். சின்ன வயசில் எங்களுக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் அப்பா சொன்ன கதைகள் முக்கால்வாசி அந்த அறையில் நடந்தவை. அதில் ஒன்று ஜன்னல் கம்பிக் கதை. இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தால் சாவி தொலைந்திருக்கிறது. ஜன்னல் வழியாகக் குச்சியை விட்டு உள்தாழ்ப்பாளைத் தள்ளப் பார்த்ததில் கம்பி வளைந்துவிட்டது, தாழ்ப்பாள் திறக்கவில்லை, மூவரும் மொட்டை மாடியில் படுத்துத் தூங்கினார்கள். கம்பியை வளைத்தது நாகர்கோவில் மாமா என்று அப்பா சொல்வார். எத்தனையோ தடவை கேட்ட கதை.

காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டோம். மந்தைவெளியில் அத்தை வீடு. பனி நன்றாக இறங்கியிருந்தது. தெருவில் நாலைந்து வீட்டு வாசலில் விளக்குப் போட்டுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை வீட்டு வாசலில் புள்ளிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பரங்கிப்பூ. சாணத்துக்கு இங்கே எங்கே போகிறாள் என்று கேட்டேன். மயிலாப்பூர் மாடவீதியில் மார்கழிக்கென்றே விற்கிறார்களாம். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. மார்கழி 13 என்பதால் பதின்மூன்றாம் பாட்டு. வெள்ளி எழுவதையும் வியாழன் மறைவதையும் சொல்கிற பாட்டு அது. அப்பா உடனே தெருவுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். மேற்கே ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வியாழன் பளிச்சென்று நின்றது. "அன்னா நிக்கு பாரு. வெள்ளியத்தான் காணோம்" என்றார். தலையில் மஃப்ளரோடு அப்பா அண்ணாந்து நின்றதைக் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு அவளும் வானத்தைப் பார்த்தாள்.

பெட்டி பைகளைக் கட்டி வைத்துவிட்டோம். அத்தை மகன் சாயங்காலம் அவற்றை எழும்பூருக்குக் கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு. கையில் ஒரு தோள்பை, ஒரு தண்ணீர் பாட்டில். மந்தைவெளியிலேயே பறக்கும் ரயில் ஏறினோம். ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட்.

அப்பா இருந்த காலத்தில் இந்த ரயில் கிடையாது. 1995ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை முதலில் ஓடி, 1997ல் மயிலாப்பூர் வந்தது. தூண்கள் பாதி தூரம் பக்கிங்காம் கால்வாயின் மேலேயே நிற்கின்றன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற இந்தத் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி 1877-78ல் வெட்டியது. ஊர் ஊராகப் பிழைக்க வழியில்லாமல் வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து வெட்டவைத்தார்கள். எட்டு கிலோமீட்டர். ரயிலில் இருந்து கீழே பார்த்தால் இன்று கறுப்புத் தண்ணீரும் ஆகாயத்தாமரையும்தான். எத்தனை பட்டினி வயிறுகள் மண் சுமந்த இடம் என்று நினைத்தால் அந்தத் தண்ணீரை அப்படி விட்டிருப்பது பொறுக்கவில்லை. இதை மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

திருவல்லிக்கேணியில் இறங்கி முதலில் பார்த்தசாரதி கோயில். நாளை மறுநாள் வைகுண்ட ஏகாதசி. மாடவீதி முழுக்க மூங்கில் தடுப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு. மூலவர் வேங்கடகிருஷ்ணர் ருக்மிணி, பலராமர், சாத்யகி, மகன், பேரன் என்று குடும்பத்தோடு நிற்கிறார். போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர் என்பதால் கையில் சங்கு மட்டும். உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள். எனக்கு இந்தத் தழும்புதான் மிகவும் பிடித்தது. தேரோட்டியாகப் போனவர் அடி வாங்கியதை மறைக்காமல் அப்படியே வைத்துக் கும்பிடுகிற ஊர். அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை இங்கே வந்ததாகச் சொன்னார். சாமி கும்பிட வந்தது பாதி, புளியோதரைக்கு வந்தது பாதியாம். மாதக் கடைசியில் அதுதான் ராத்திரிச் சாப்பாடு.

பக்கத்திலேயே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1921ல் அவரை யானை தள்ளியது பார்த்தசாரதி கோயிலில்தான், அதே வருஷம் செப்டம்பரில் அவர் கண்மூடியது இந்த வீட்டில்தான். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்தோம்.

பசித்தது. ரத்னா கஃபேக்குப் போனோம். 1948லிருந்து இருக்கிற கடை. அப்பாவுக்கு மெனுவே வேண்டியிருக்கவில்லை. சாம்பார் இட்லி. தட்டில் இரண்டு இட்லியை வைத்து, அது முங்கும் வரை சாம்பாரை ஊற்றி, மேலே நெய் விட்டுக் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்துச் சாம்பார் மாதிரி புளிப்பு முன்னால் நிற்கவில்லை. பருப்பும் கொத்தமல்லியும் தணிந்து வருகிற, கொஞ்சம் தித்திப்பான சாம்பார். ஸ்பூனால் இட்லியைப் பிய்த்தால் உள்ளே வரை மஞ்சளாக ஊறியிருக்கிறது. பாதி தீர்ந்ததும் ஒருவர் ஜக்கைக் கொண்டுவந்து கேட்காமலேயே மறுபடி ஊற்றினார். அப்பா கையைக் குறுக்கே வைக்காமல் தட்டை அவர் பக்கம் தள்ளிக்கொடுத்தார். "மாசம் பொறந்தா மொத நாள் இங்கதான். மூணு பேரும். ரெண்டாவது தடவ ஊத்துறதுக்காகவே மெதுவாச் சாப்பிடுவோம்" என்றார். வீட்டில் சர்க்கரைக்குப் பயந்து இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவர் இன்னொரு பிளேட் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம்தான் மேன்ஷன்.

பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்து என்பது அப்பாவுக்கு நிச்சயம். எந்தச் சந்து என்பதில்தான் குழப்பம். முதல் சந்தில் நடுவழி வரை போய்த் திரும்பினோம். இரண்டாவதில் மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தைத் தேடினார். அங்கே செல்போன் கவர் விற்கிற கடை. ஒரு இஸ்திரி வண்டிக்காரரிடம் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்து, "அது பேரு மாத்தி இருபது வருசமாச்சு பெரியவரே, தோ எதிர்லயே நிக்குது" என்று கையைக் காட்டினார். நாங்கள் அதன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

நாலு மாடிக் கட்டடம், பச்சை பெயின்ட். வாசலை ஒட்டி ஒரு மேஜை, மேனேஜர். அவருக்குப் பின்னால் சாவி மாட்டுகிற பலகை. ஆணி ஆணியாக அடித்து ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளை எழுத்தில் நம்பர். அப்பா விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "நாப்பத்தஞ்சு வருசம் கழிச்சா சார் வரீங்க? போய்ப் பாருங்க, பசங்க ரூம்லதான் இருக்காங்க" என்றவர், நானும் படியில் கால் வைத்ததும் தயங்கினார். "லேடீஸ் மேல போறதில்லம்மா. இது ஆம்பளப் பசங்க இருக்கிற எடம். தப்பா எடுத்துக்காதீங்க."

சிறு வயசிலிருந்து நான் குடியிருந்த மாதிரி நினைத்துக்கொண்டிருந்த அறை. ஆனால் அவர் சொன்னது நியாயம். மேலே துண்டோடும் லுங்கியோடும் திரிகிற பையன்கள். நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா கைப்பிடியைப் பிடித்து ஏறினார். முழங்கால் வலி உள்ளவர், ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பது கீழே கேட்டது. முதல் மாடி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி செருப்புச் சத்தம். நடுவே திறந்த முற்றம், அதன் குறுக்கே மாடிக்கு மாடி கயிறு கட்டி ஞாயிற்றுக்கிழமைத் துணிகள் காய்ந்தன. சட்டை, ஜீன்ஸ், துண்டு. எங்கோ பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம், யாரோ பொது அறிவுக் கேள்விகளை உரக்கப் படித்து மனப்பாடம் செய்கிற சத்தம். அப்பா காலத்தில் வேலை கிடைத்தவர்கள் தங்கிய இடம், இப்போது வேலைக்காகப் படிக்கிறவர்கள் தங்குகிற இடமாகிவிட்டது என்றார் மேனேஜர். டிஎன்பிஎஸ்சி, ரயில்வே, போலீஸ் தேர்வு என்று வருகிறார்களாம். நான் சாவிப் பலகையில் முப்பத்திநாலைத் தேடினேன். ஆணி மட்டும் இருந்தது, சாவி இல்லை. பையன்கள் அறையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. மேனேஜர் டீ வரவழைத்துக் கொடுத்தார். போய்ப் பார்த்துவரச் சொல்லலாமா என்று நான் நினைக்கும்போது அப்பா இறங்கி வந்தார். கூடவே மீசை அரும்பிய ஒரு பையன், அப்பாவின் தோள்பையைத் தூக்கிக்கொண்டு. திருவண்ணாமலைப் பக்கம், குரூப் 2 எழுதுகிறானாம். அத்தை வீட்டுக்குக் கொடுத்ததுபோகப் பையில் மிச்சமிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை அப்பா அவன் கையில் திணித்தார். "நல்லாப் படிங்க தம்பி. ராத்திரி நேரத்தோட வந்துருங்க, சாவியப் பத்திரமா வச்சுக்கோங்க" என்றார். அவனுக்கு அந்தக் கதையை மேலேயே சொல்லியிருக்கிறார் போல. சிரித்தான்.

தெருவுக்கு வந்து பத்தடி நடக்கும் வரை அப்பா பேசவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தரைக்கு டைல்ஸ் போட்டுவிட்டார்கள். அப்போது பாய், இப்போது மூன்று கட்டில். சுவர் அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் மெஸ் கணக்கு எழுதுவார்களாம், அந்தக் கதவே இல்லை. மொட்டை மாடிக்கும் போயிருக்கிறார். அங்கிருந்து சேப்பாக்கம் மைதானத்து விளக்குக் கம்பங்கள் தெரிகின்றனவாம்.

அந்த மொட்டை மாடியில்தான் அவர்கள் பொங்கல் டெஸ்ட் கேட்டது. 1980 ஜனவரி, பாகிஸ்தானோடு. கவாஸ்கர் 166 அடித்து, கபில்தேவ் 84 அடித்ததோடு பதினோரு விக்கெட்டும் எடுத்து, பத்து விக்கெட்டில் ஜெயித்த ஆட்டம். டிக்கெட் வாங்கக் காசில்லை. டிரான்சிஸ்டரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விக்கெட் விழுந்தது என்று ரேடியோ சொல்லும். இவர்கள் கத்தி முடித்து மூச்சு வாங்கும்போது, மூன்று நொடி கழித்து, நிஜமான ஆரவாரம் காற்றில் வந்து சேரும். "ஒவ்வொரு விக்கெட்டும் எங்களுக்கு ரெண்டு தடவ விழும்" என்றார் அப்பா. இதை இதற்கு முன் அவர் சொன்னதே இல்லை.

பிறகு ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அந்த அறையில் அவர் எடுத்தது ஒரே ஒரு படம்தான். பச்சை பெயின்ட் அப்பிய ஜன்னல், ஐந்து கம்பி. இடதுபக்கத்திலிருந்து மூன்றாவது கம்பி நடுவில் லேசாக, ஒரு விரல் அகலத்துக்கு, வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. சொன்னால்தான் தெரியும். எத்தனை கோட் பெயின்ட் அடித்திருப்பார்கள், யாருக்கும் அதை நிமிர்த்தத் தோன்றவில்லை. கூட்டம் இடித்துக்கொண்டு போகிற பெரிய தெருவில் நின்று, நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பாரதி சாலையில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைப் புத்தகங்கள். அப்பாவுக்கு அது இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடுதான். இரண்டு புத்தகம் வாங்கினேன். வெயில் ஏறிவிட்டது, ஒரு மெஸ்ஸில் மதியம் சாப்பிட்டு, மூன்றரை மணி வரை அங்கேயே நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம்.

ஐஸ் ஹவுஸ் பற்றி அப்பாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. இப்போது விவேகானந்தர் இல்லம். 1842ல் அமெரிக்க டியூடர் கம்பெனிக்காரர்கள் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸ்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து வைக்கக் கட்டிய கிடங்கு. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் இங்கே தங்கினார். ஐஸை இறக்கி உருகுமுன் கொண்டுபோக வேண்டும் என்றால் கடல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. 1870களில் வடக்கே துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கிய பிறகு, தெற்கேயிருந்து அலை இழுத்துவரும் மணல் அந்தச் சுவரில் தடுபட்டு இந்தப் பக்கம் சேர்ந்துகொண்டே போனது. மெரினாவின் இத்தனை அகலம் அப்படி வந்ததுதான். அதே காரணத்தால் சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. "அப்ப இந்த மணல் பூரா அந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சேர வேண்டியது" என்றார் அப்பா.

சாலையிலிருந்து தண்ணீர் வரை நடப்பது அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது என்று காலையிலிருந்தே எனக்குக் கவலை. விவேகானந்தர் இல்லத்துக்கு நேர் எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக 2022ல் போட்ட மரப்பாதை இருக்கிறது. 263 மீட்டர், கடல் பக்கம் வரை. சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியை அவர் பேரன் தள்ளிக்கொண்டு போனான். அவர்கள் பின்னால் நாங்கள். பலகை காலடியில் லேசாக அதிர்ந்தது. இந்த ஊரில் இந்த ஆறு நாளில் நான் பார்த்த கட்டுமானங்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இந்தப் பாதைதான். அதன் முனையில் அப்பா கைப்பிடியில் சாய்ந்து நின்றார். ஈரக்காற்று வேட்டியைப் படபடக்க வைத்தது. தேங்காய் மாங்காய்ப் பட்டாணி சுண்டல் வாங்கி இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டோம். பேச எதுவும் இருக்கவில்லை. வெளிச்சம் மங்கும் வரை நின்றோம்.

எழும்பூருக்கு ஆட்டோ. 1908ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தைச் சுற்றி இப்போது புதுப்பிக்கும் வேலை, தகரத் தடுப்பு. அத்தை மகன் பைகளோடு வந்திருந்தான், கூடவே அத்தையும் வந்திருந்தாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டி, அதற்கு மேல் ஈரத்துணி சுற்றிக் கொடுத்தாள். அண்ணனும் தங்கையும் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரயில் நகர்ந்து இரண்டடி வந்த பிறகுதான் விட்டார்கள்.

அப்பாவுக்குக் கீழ்ப் படுக்கை. தாம்பரம் தாண்டியதும், அந்த ஜன்னல் படத்தை நாகர்கோவில் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித் தரச் சொன்னார். அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுத வேண்டாம், படம் மட்டும் போதும் என்றார். செங்கல்பட்டு ஏரி இருட்டில் பளபளத்துக்கொண்டு வரும்போது பதில் வந்தது. குரல் செய்தி. அப்பா சத்தத்தை முழுசாக வைத்து ஃபோனைக் காதருகில் கொண்டுபோனார். முதலில் வெறும் இருமல். அப்புறம் மாமாவின் குரல்:

"ஏல, மூணாவது கம்பி! அத வளைச்சது நீதாம்ல!"

அப்பா மூன்று தடவை போட்டுக் கேட்டார். எதிர்ப் படுக்கைக்காரர் எழுந்து பார்த்தார். பதில் சொல்ல எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டு, ஃபோனை வாய் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா பேசத் தொடங்கியபோது சிக்னல் போய்விட்டது. மேல்மருவத்தூரில் வரும் என்று சொல்லியிருக்கிறேன். ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.